ஜன்னல், கதவைச் சுற்றி ஜே சேனல் அடிப்பது எப்படி

வெளிச்சுவருக்கு வினைல் சைடிங் (சுவரை மூடும் பிளாஸ்டிக் பலகைகள்) போடும்போது ஜன்னலையும் கதவையும் சுற்றி வரும் ட்ரிம்தான், அதாவது ஓரப்பட்டைதான், முதலில் ஏற வேண்டும், ஏனென்றால் சைடிங் பலகையின் வெட்டிய முனை போய் உட்காரும் பள்ளமே அதுதான். ஆங்கில ஜே எழுத்து மாதிரி இருப்பதால் ஜே சேனல் என்கிறோம். சைடிங்குக்குப் பின்னால் கொஞ்சம் மழைநீர் போகத்தான் செய்யும். அது சுவருக்குள் இறங்காமல் வெளியே வழிய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

சேனலைக் கையில் எடுப்பதற்கு முன் ஃபிளாஷிங் டேப்பைப் பாருங்கள், அதாவது ஜன்னல் ஓரத்தில் தண்ணீர் புகாமல் ஒட்டும் டேப். ஓடு வேய்வது போலத்தான்: முதலில் ஜன்னலின் அடிப்பக்கம், அப்புறம் இரண்டு பக்கவாட்டு, கடைசியில் தலைப்பக்கம், ஒவ்வொன்றும் தனக்குக் கீழே இருப்பதன் மேல் படிய வேண்டும். சுவரில் போர்த்திய நீர்த்தடுப்புத் தாளை ஜன்னலுக்கு மேலே கொஞ்சம் கீறித் தூக்கி வைத்துக்கொண்டு, தலை டேப்பைத் தாளுக்கு அடியில் இருக்கும் பலகைச் சுவரிலேயே நேரடியாக ஒட்டிவிட்டு, தாளை அதன் மேல் இறக்கி ஒட்டுங்கள். தாளுக்கு மேலேயே டேப்பை ஒட்டிவிட்டால், தாளின் பின்னால் வரும் தண்ணீர் டேப்பின் பின்னால் போய்விடும். ஜன்னலின் அடி விளிம்பை மட்டும் அடைக்காதீர்கள், உள்ளே போன தண்ணீருக்கு அது ஒன்றுதான் வாசல்.

இனி சேனல். அடித்துண்டு, பக்கத்துண்டுகள், தலைத்துண்டு, இதே வரிசை. ஜன்னல் அகலத்தோடு சேனல் முகப்பின் (வெளியே தெரியும் பட்டையின்) அகலத்தை இரண்டு பக்கமும் கூட்டி அடித்துண்டையும் தலைத்துண்டையும் வெட்டுங்கள். பக்கத்துண்டின் கீழ்முனை அடித்துண்டின் மேல் ஏறி நிற்க வேண்டும்.

தலைத்துண்டில்தான் பொறுமை வேண்டும், நான் பார்த்த ஊறிப்போன சட்டங்களில் பலவும் இந்த மேல் மூலையில்தான் கெட ஆரம்பித்திருந்தன. அதன் இரு முனைகளிலும் முகப்பை 45 டிகிரியில் சாய்த்து வெட்டுங்கள், ஆனால் அடித்தட்டை (பள்ளத்தின் அடிப்பாகத்தை) வெட்டி எறியாமல் ஒரு நாக்கு மாதிரி விட்டு, அதைக் கீழே மடக்கிப் பக்கத்துண்டின் பள்ளத்துக்குள் செருகுங்கள். தலையில் சேரும் தண்ணீர் அந்த நாக்கு வழியாகப் பக்கத்துண்டுக்குள் இறங்கிக் கீழே போய்விடும். நாக்கு இல்லாமல் மூலையைச் சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) வைத்து மூடினால் பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் சீலன்ட் ஒருநாள் விரிசல் விடும், மடக்கிய நாக்கு அப்படியே நிற்கும்.

ஆணியை இறுக்கி அடிக்கவே கூடாது. வினைல் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும், ஆகவே ஆணித்துளையின் நடுவில் அடித்து, ஆணித்தலைக்கும் வினைலுக்கும் நடுவே சுமார் 1 மி.மீ. இடைவெளி விடுங்கள். துண்டைக் கையால் தள்ளினால் லேசாக நகர வேண்டும். நிறுத்தி வைக்கும் பக்கத்துண்டுகளுக்கு மட்டும், மேல் துளையின் உச்சியில் முதல் ஆணி, அப்போதுதான் துண்டு அதில் தொங்கும், மற்றவை துளையின் நடுவில். துருப்பிடிக்காத ஆணியாகப் பாருங்கள்.

பலகையைச் சேனலுக்குள் நுழைக்கும்போதும் முட்டக் கொடுக்காமல் 6 மி.மீ. விடுங்கள், கடுங்குளிரில் வேலை செய்தால் 10 மி.மீ. வரை, ஏனென்றால் அப்போது பலகை சுருங்கியிருக்கும். ஜன்னலுக்குக் கீழே வரும் பலகையின் மேல் விளிம்பை வெட்டும்போது ஆணித்துளை வரிசையே போய்விடும், ஆகவே அங்கே பிடிப்புக்கென்றே விற்கும் அடி ட்ரிம்மைச் சேனலுக்குள் வைத்து, பலகை விளிம்பில் பஞ்ச் கருவியால் மேடு எழுப்பி, உள்ளே தள்ளிப் பூட்டுங்கள்.

கதவுக்கும் இதே முறைதான், அடித்துண்டு மட்டும் கிடையாது. பக்கத்துண்டுகளின் கீழ்முனையை அடைக்காமல் திறந்தே விடுங்கள்.