சுண்டெலித் தொல்லையா? கூண்டை அறையின் நடுவில் வைக்காதீர்கள்

பழைய எலிப்பொறியில் ஒன்று மாட்டியதும் கதவு மூடிவிடும். மிச்சமுள்ளவை அரிசி டப்பாவைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒருவழிக் கதவு வைத்த கம்பிக் கூண்டு வாங்குங்கள். உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. ஒரே ராத்திரியில் மூன்று நான்கு கூட மாட்டும், கழுவிக் காயவைத்தால் வருடக்கணக்கில் உழைக்கும்.

சூட்சுமம் இடத்தில்தான். சுண்டெலி சுவரை ஒட்டியே ஓடும். அதனால் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால், கூண்டின் வாசல் சுவரோரமாக இருக்கும்படி வையுங்கள். மசால் வடை முழுசாக வேண்டாம் (அது நமக்கு!), சுட்ட தேங்காய்ச் சில்லு ஒன்று போதும். தினமும் காலையில் கூண்டைப் பாருங்கள், கையுறை போட்டுக்கொண்டு. அப்புறம், 6 மி.மீ. இடுக்கு இருந்தாலே குட்டி எலி நுழைந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்துச் சிமெண்ட் பூசிவிடுங்கள்.