பேத்திக்கு டிவி போடும்போது

2 வயதுக்குள் டிவியே வேண்டாம். அந்த வயதில் திரையைவிட ஆளிடம்தான் பிள்ளை நன்றாகக் கற்கும். 2 முதல் 4 வயது வரை நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் காரைக்குடி வீட்டில் அரை மணிதான்.

கூடவே உட்காருங்கள். டிவியில் சதுரம், வட்டம் வந்தால் அணைத்துவிட்டுப் பட்டாலைக்கு, அதாவது வீட்டுக் கூடத்துக்குக் கூட்டிப் போங்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிப் பூக்கல்லில் சதுரம் எது, பூ எது என்று கேட்டால் என் பேத்தி கால் கட்டைவிரலால் தொட்டுக் காட்டுவாள். எண்கள் வந்தால் பல்லாங்குழியும் புளியங்கொட்டையும்.

பார்த்த நிகழ்ச்சியையே திரும்பக் கேட்டால் போடுங்கள். அப்படித்தான் மனதில் பதியும். சலிப்பெல்லாம் நமக்குத்தான்! அப்புறம், யாரும் பார்க்காமல் ஓடும் சீரியலையும் நிறுத்துங்கள். அந்தச் சத்தத்தில் பெரியவர்கள் பிள்ளையிடம் பேசுவதே குறைந்துவிடுகிறது.