ஈஜேபி: லோக்கலுக்கும் ரிமோட்டுக்கும் ஒரே இன்டர்ஃபேஸ் போதும் என்று நினைப்பதில் உள்ள தவறுகள்

ஜாவாவில் ஈஜேபி (என்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸ்: சர்வரில் ஓடும் 'பீன்' எனப்படும் க்ளாஸ்களை எழுதும் முறை) எழுதும்போது, "மெத்தட்கள் எல்லாம் அதேதானே, எதற்கு இரண்டு இன்டர்ஃபேஸ்?" என்று தோன்றுவது இயல்பு. மெத்தட்டின் பெயர் ஒன்றாக இருந்தாலும் அழைப்பு நடக்கும் விதம் வேறு. லோக்கல் அழைப்பு ஒரே ஜேவிஎம்முக்குள் (ஜாவா ப்ரோக்ராம் ஓடும் சூழல்) நடக்கும். ரிமோட் அழைப்பு வேறு ஜேவிஎம்மிலிருந்தும் நெட்வொர்க் வழியாக வரலாம். ஒரே ஜேவிஎம்முக்குள் இருக்கும் பீன்கள்கூட ரிமோட் வழியாகவே பேச வேண்டியிருந்ததால்தான், 2001-ல் வந்த ஈஜேபி 2.0 லோக்கல் இன்டர்ஃபேஸைத் தனியாகக் கொடுத்தது.

ஆர்டர் ஒன்றை வாங்கி, தள்ளுபடியைக் கணக்கிட்டு, அந்த ஆர்டருக்குள்ளேயே எழுதிவிட்டு எதையும் திருப்பித் தராத மெத்தட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். லோக்கலில் ரெஃபரன்ஸ்தான் போகிறது. எழுதிய தொகை அழைத்தவருக்கும் தெரியும். ரிமோட்டில் போவது சீரியலைஸ் ஆன (பைட்களாக மாற்றி அனுப்பப்பட்ட) நகல். தொகை நகலில் எழுதப்பட்டு, நகலோடு போய்விடும். எக்செப்ஷன் வராது, லாகிலும் ஒன்றும் இருக்காது. பில்லில் மட்டும் தள்ளுபடி 0. கண்டுபிடிக்க மிகவும் கஷ்டமான பிழை இது. ரிமோட் மெத்தட் என்றால் முடிவைத் திருப்பித் தரட்டும்.

ஈஜேபி 3-ல் ஒரே இன்டர்ஃபேஸை லோக்கல், ரிமோட் இரண்டாகவும் அறிவிக்க அனுமதி இல்லை. உடனே பலர் பொதுவான தாய் இன்டர்ஃபேஸ் ஒன்றில் எல்லாவற்றையும் வைத்து, அதை எக்ஸ்டெண்ட் செய்யும் வெற்று இன்டர்ஃபேஸ்கள் இரண்டை எழுதுகிறார்கள். கன்டெய்னர் (பீன்களை இயக்கி நிர்வகிக்கும் சர்வர் பகுதி) ஏற்றுக்கொள்ளும், தள்ளுபடிச் சிக்கல் அப்படியே இருக்கும். இரண்டு வழியிலும் ஒரே விளைவு தரும் மெத்தட்களை மட்டும் பொதுவில் வையுங்கள்.

லோக்கலுக்காக எழுதிய சின்னச் சின்ன கெட்டர்களை (ஒரு மதிப்பை மட்டும் எடுத்துத் தரும் மெத்தட்கள்) ரிமோட்டுக்கு அப்படியே கொண்டுபோவதும் தவறு. 8 கெட்டர் என்றால் 8 நெட்வொர்க் பயணம். தேவையானதை ஒரு டிடிஓவில் (தரவை மட்டும் சுமந்து செல்லும் ஆப்ஜெக்ட்) சேர்த்து ஒரே அழைப்பில் அனுப்புங்கள். ஜேபிஏ என்டிட்டியையே (டேட்டாபேஸ் டேபிளோடு இணைந்த ஆப்ஜெக்ட்) அனுப்பினால், லேஸியாக (தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளலாம் என்று) விட்ட லிஸ்ட்டைக் கிளையன்ட் தொடும்போது, ஜேபிஏவைச் செயல்படுத்தும் ஹைபர்னேட் லைப்ரரி லேஸி இனிஷியலைசேஷன் எக்செப்ஷன் வீசும்.

பீனுக்குள் இருந்து 'திஸ்'ஸை (பீன் ஆப்ஜெக்டின் நேரடி ரெஃபரன்ஸ்) வெளியே கொடுக்கவே கூடாது. வாங்கியவர் கன்டெய்னரைத் தாண்டி நேராக ஆப்ஜெக்டையே அழைப்பார். ட்ரான்ஸாக்‌ஷனும் பாதுகாப்புச் சோதனையும் நடக்காது. செஷன் கான்டெக்ஸ்டின் 'கெட் பிசினஸ் ஆப்ஜெக்ட்' தரும் ரெஃபரன்ஸைக் கொடுங்கள்.

ஈஜேபி 3.1-ல் (2009) இன்டர்ஃபேஸ் இல்லாமலே பீனை இன்ஜெக்ட் செய்ய (தேவைப்படும் இடத்தில் கன்டெய்னரே கொண்டுவந்து தர) முடிந்தது. அப்படி ஓடிக்கொண்டிருக்கும் பீனுக்குப் பின்னாளில் ரிமோட் இன்டர்ஃபேஸ் சேர்த்தால், பழைய வழி மூடிக்கொள்ளும். க்ளாஸின் பெயரில் இன்ஜெக்ட் செய்த இடங்கள் உடையும். க்ளாஸில் 'லோக்கல்பீன்' அனோட்டேஷனையும் போட்டால் சரியாகும்.

கிளையன்டுக்குத் தரும் ஜார் (க்ளாஸ்களைக் கட்டிய ஃபைல்) தனியாக இருக்கட்டும். ரிமோட் இன்டர்ஃபேஸ், டிடிஓ, எக்செப்ஷன் க்ளாஸ்கள் போதும். பீன் க்ளாஸ் வேண்டாம். டிடிஓக்களில் சீரியல் வெர்ஷன் யூஐடியை (சீரியலைஸ் செய்யும்போது க்ளாஸின் வெர்ஷனைக் குறிக்கும் எண்) நீங்களே எழுதிவையுங்கள். எழுதாவிட்டால் ஒரு ஃபீல்டு கூட்டியதும் பழைய ஜார் வைத்திருக்கும் கிளையன்டுக்கு இன்வேலிட் க்ளாஸ் எக்செப்ஷன் வரும்.