கிறிஸ்துவே வழி என்பதைப் பிற மதத்தாரிடம் எடுத்துரைப்பது எப்படி

இயேசு கிறிஸ்துவே ஒரே வழி என்று விசுவாசிக்கும் ஒருவரிடம், வேறு மதத்தைச் சேர்ந்த நண்பர் அதைக் குறித்து வெளிப்படையாகக் கேட்டால், அவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். நட்பு கெட்டுவிடுமோ என்று அஞ்சி, எல்லா மதங்களும் ஒன்றையே சொல்கின்றன என்று மழுப்பிவிடுகிறார். அல்லது எப்படியும் வென்றே தீரவேண்டிய வழக்காக அதை எடுத்துக்கொண்டு வாதாடத் தொடங்குகிறார். முன்னது தம் விசுவாசத்துக்கு உண்மையாயிராத செயல். பின்னது கேட்டவரை மதியாத செயல். இரண்டையும் தவிர்த்து விடை சொல்ல முடியும். ஆனால் அதற்கு முன்னதாகவே சிலவற்றைத் தெளிந்திருக்க வேண்டும்.

முதலில், நீங்கள் எதை உறுதியாகச் சொல்கிறீர்கள் என்பதை வரையறுத்துக்கொள்ளுங்கள். "நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்னும் யோவான் 14:6, இயேசு தம்மைப் பற்றிச் சொன்ன கூற்று; அது கிறிஸ்தவர்களின் அறிவையோ ஒழுக்கத்தையோ நாகரிகத்தையோ உயர்த்திப் பேசவில்லை. அவராலேயன்றி வேறொருவராலும் இரட்சிப்பு இல்லை என்று அப்போஸ்தலர் 4:12-இல் பேதுரு சொன்னபோது, அவர் அதிகாரத்தில் அமர்ந்திருக்கவில்லை. கைது செய்யப்பட்டு, யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கத்தின் முன் விசாரணைக்கு நிறுத்தப்பட்டிருந்தார். மேலும், கிறிஸ்து உயிர்த்தெழவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் உங்கள் விசுவாசமும் வீண் என்று 1 கொரிந்தியர் 15:14-இல் பவுல் எழுதுகிறார். அதாவது, நடந்தது என்று சொல்லப்படும் ஒரு நிகழ்வின்மேல் இந்த விசுவாசம் முழுவதையும் அவர் நிறுத்துகிறார். அந்நிகழ்வை ஆராயவும் மறுக்கவும் கேட்பவருக்கு இடமிருக்கிறது. நண்பரிடம் பேசத் தொடங்க இதைவிட நேர்மையான இடம் இல்லை என்றே கருதுகிறேன்.

அடுத்து, ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும் மூன்று கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்: இது உண்மையா, இதை அறியாதவர்களின் கதி என்ன, இதை ஏற்காதவர்களுக்குச் சமுதாயத்தில் என்ன உரிமை உண்டு. இவற்றில் மூன்றாவதற்குத் தயக்கமின்றி விடை சொல்லலாம். ஒன்றை உண்மையென்று நம்புவதால் அதைப் பிறர்மேல் திணிக்கும் உரிமை வந்துவிடாது. தன் சத்தியப் போதனையை விட்டுக்கொடுக்காத கத்தோலிக்கத் திருச்சபையே, 1965 டிசம்பர் 7 அன்று, அதன் ஆயர்கள் கூடிய பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழியாகச் சமய சுதந்திரம் மனித மாண்பைச் சார்ந்த உரிமை என்று அறிவித்தது. வற்புறுத்தலாலும் வன்முறையாலும் மதம் பரப்பப்பட்ட காலங்கள் வரலாற்றில் உண்டு. நண்பர் அவற்றைச் சுட்டிக்காட்டினால், சாக்குச் சொல்லாமல் அவை தவறு என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு வரும்போது, யானையைத் தடவிப் பார்த்த பார்வையற்றோரின் கதை அநேகமாக எடுத்துரைக்கப்படும். பேராயர் லெஸ்லி நியூபிகின் இக்கதையில் கவனித்த ஒன்று இங்கே பயன்படும்: மற்றவர்கள் எல்லாரும் ஒரு பகுதியையே தொட்டார்கள் என்று சொல்ல, கதை சொல்பவர் முழு யானையையும் கண்டிருக்க வேண்டும். 1973-இல் மதத் தத்துவ அறிஞர் ஜான் ஹிக், மதங்களின் மையத்தில் கிறிஸ்துவை அன்று, கடவுளையே வைக்க வேண்டும் என்று வாதிட்டபோதும், பெரும்பாலான மதத்தார் தங்களுக்கு உயிரானதாகக் கருதுவதை அவர்களே சரியாக உணரவில்லை என்றுதான் முடிவாகிறது. எல்லா மதங்களும் சமம் என்பதும் பிறரை மறுக்கும் ஒரு கூற்றே என்பதை அமைதியாக எடுத்துக்காட்டுங்கள். ஆனால் அதோடு உங்கள் கூற்று நிறுவப்பட்டுவிட்டதாக எண்ணாதீர்கள். வேறு குடும்பத்தில் பிறந்திருந்தால் வேறு மதத்தில் இருந்திருப்பீர்களே என்னும் கேள்விக்கும் இதே அளவுகோல் பொருந்தும். ஒரு நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது அது பொய்யென்று காட்டாது, மெய்யென்றும் காட்டாது. எனினும் அக்கேள்வி கற்பிக்கும் தாழ்மையை ஏற்றுக்கொள்வது நல்லது.

வேறுபாடுகளை மறைக்காமலும் இருங்கள். இயேசு சிலுவையில் இறந்தார் என்று சுவிசேஷங்கள் சொல்கின்றன. குர்ஆன் 4:157 அதை மறுப்பதாகவே பெரும்பாலான முஸ்லிம்கள் விளங்கிக்கொள்கிறார்கள். இரண்டும் ஒரே பொருளில் உண்மையாயிருக்க முடியாது என்பதை இரு தரப்பாரும் அறிவார்கள். அதை ஒத்துக்கொண்டு பேசுவதே ஒருவரையொருவர் மதிப்பதாகும். நண்பரின் மதத்தைப் பற்றி அவர் வாயாலேயே கேளுங்கள், உங்கள் மேடைகளில் கேட்டதைக் கொண்டு அவருக்கே விளக்கம் சொல்லாதீர்கள். கிரேக்க நகரமான அத்தேனேயில் பவுல், அங்குள்ள பலிபீடத்தையும் அவர்களுடைய புலவர்களின் வரியையும் கவனித்துக் கற்றிருந்தபடியால்தான் அப்போஸ்தலர் 17-இல் உள்ள பிரசங்கத்தைச் செய்ய முடிந்தது.

மிகக் கடினமானது இரண்டாவது கேள்வி. அதில் திருச்சபைகளுக்குள்ளேயே ஒருமித்த விடை இல்லை. மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான், திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்று எழுதியது, பிரிந்துபோன கிறிஸ்தவர்கள் கொடுத்த ஞானஸ்நானத்தைப் பற்றிய சர்ச்சையில். 1442-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் புளோரன்ஸ் பொதுச்சங்கம் அதைப் பிற மதத்தார்மேலும் யூதர்மேலும் கடுமையாகப் பொருத்தியது. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமோ, தம் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாமல், நேர்மையாகக் கடவுளைத் தேடி மனசாட்சியின்படி நடப்பவர்கள் இரட்சிப்பை அடையக்கூடும் என்று கற்பித்தது. 1974-இல் புராட்டஸ்டன்ட் சுவிசேஷப் பிரிவினரின் (evangelicals) லொசான் உடன்படிக்கை, இயற்கையின் வழியாக எல்லாரும் கடவுளை ஓரளவு அறிகிறார்கள், ஆனால் அந்த அறிவு இரட்சிக்காது என்றது. உங்கள் சபை எந்த நிலையில் நிற்கிறது என்பதை அறிந்து, அதை ஒரே கிறிஸ்தவ விடையாகக் காட்டாமல் சொல்லுங்கள். கத்தோலிக்க இறையியலாளர் கார்ல் ரானர் சொன்னபடி, தாம் அறியாமலே கிறிஸ்துவின் அருளைப் பெற்றவர் என்னும் பொருளில், நண்பரைப் பெயர் அறியாக் கிறிஸ்தவர் என்று அழைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தம்மை இந்து என்றோ பௌத்தர் என்றோ அறிந்து வாழும் ஒருவருக்கு, அன்போடு சொன்னாலும் அது அவமதிப்பாகவே படும்.

"அப்படியானால் நான் நரகத்துக்குப் போவேனா?" என்று அவர் கேட்பாரானால், தனியொருவர்மேல் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் உங்களுக்குக் கொடுக்கப்படவில்லை என்று சொல்லுங்கள், அது தப்பிக்கும் வழியன்று, அனைவரையும் நியாயந்தீர்ப்பவர் கிறிஸ்துவே என்னும் அதே விசுவாசத்தின் ஒரு பகுதி. அதன்பின், அவர் விரும்பினால் மட்டும், அந்தக் கிறிஸ்துவை நீங்கள் ஏன் நம்புகிறீர்கள் என்பதை 1 பேதுரு 3:15 கேட்பதுபோல் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் கூறி, அவர் மறுத்தால் மறுப்பை முழுவதும் கேட்டுக்கொள்ளுங்கள்.