மேகம் மூடிய நாளில் ஏரித் தண்ணீரைப் பார்ப்பது எப்படி?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. அந்த மாதிரி நாளில் சாதாரண செயற்கைக்கோள் படத்தைத் திறந்தால் மேகம்தான் தெரியும். ஏரி நிரம்பிக் கோடி போகிறதா, தண்ணீர் எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டியதே அப்போதுதான். அதற்கு ரேடார் படம் வேண்டும்.

ஐரோப்பாவின் சென்டினல்-1 என்ற ரேடார் செயற்கைக்கோள் தன் அலையைத் தானே அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்கிறது. அதனால் இருட்டு தடையில்லை. அலைநீளம் சுமார் 5.5 செ.மீ. என்பதால் மேகமும் அதைத் தடுப்பதில்லை. படங்கள் இலவசம்.

கணினியில் அந்தப் படங்களைக் காட்டும் காப்பர்நிக்கஸ் பிரவுசர் (Copernicus Browser) என்ற இணையதளத்தைத் திறங்கள். கணக்குக் கேட்டால் தொடங்கிக்கொள்ளுங்கள், காசு கிடையாது. தேடும் இடத்தில் உங்கள் ஊர்ப் பெயரைப் போடுங்கள். நான் எங்கள் பாரூர் ஏரியைத்தான் எப்போதும் பார்ப்பேன். சென்டினல்-1, அப்புறம் தேதி, அப்புறம் விவி (VV) அடுக்கு, அதாவது அலையைச் செங்குத்தாக அனுப்பிச் செங்குத்தாகவே வாங்கிய படம். ஒரே பாதையில் 12 நாளுக்கு ஒருமுறைதான் ஒரு செயற்கைக்கோள் வரும். நினைத்த நாளுக்கெல்லாம் படம் இருக்காது.

படத்தில் ஏரி கறுப்பாகத் தெரியும். அசையாத தண்ணீர் மேல் சாய்வாக விழும் அலை வேறு திசைக்குத் தெறித்துவிடுகிறது, திரும்பி வருவதில்லை. இங்கேதான் கவனம் வேண்டும்: ரேடார் பார்ப்பது வழுவழுப்பை, தண்ணீரை அல்ல. காய்ந்த சமநிலமும் கறுக்கும். நம் பக்கத்துப் பாறைக் குன்றுகளில் செங்குத்தான சரிவின் நிழலும் கறுக்கும். நேர்மாறாக, காற்றடித்து அலை எழும்பிய ஏரி வெளுத்துவிடும். அப்போது விஎச் (VH) அடுக்குக்கு, அதாவது செங்குத்தாக அனுப்பிக் கிடையாக வாங்கிய படத்துக்கு மாறிப் பாருங்கள். ஏரிக்குள் சீமைக்கருவேலம் மண்டியிருந்தால் அதன் அடியில் நிற்கும் தண்ணீர் பெரும்பாலும் கணக்கில் வராது.

அதனால் ஒற்றைப் படத்தை நம்பவே கூடாது. மே மாதப் படம் ஒன்று, மழைக்குப் பிந்தையது ஒன்று, இரண்டும் ஒரே பாதையில் எடுத்ததாகப் பார்த்து ஒப்பிடுங்கள். இரண்டிலும் கறுப்பாக இருப்பது குன்றின் நிழலாக இருக்கலாம், வற்றாத தண்ணீராகவும் இருக்கலாம். ஊர்க்காரருக்கு அது பார்த்ததுமே தெரியும். புதிதாகக் கறுத்த இடம்தான் ஏறிய தண்ணீர். அதே இணையதளத்தில் உள்ள அளவு எடுக்கும் கருவியால் அதைச் சுற்றிக் கோடு போட்டால் பரப்பு வந்துவிடும்.

படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டர். கிணறு, பண்ணைக்குட்டை எல்லாம் இதில் தேடாதீர்கள்.