காரில் சப்வூஃபர்: வயரிங்கைச் சரியாகச் செய்வது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மினிபஸ் டாக்சி ஒன்று சிக்னலில் வந்து நின்றால், பாட்டு காதுக்கு வருமுன் நெஞ்சுக்கு வந்துவிடும். அந்த ஆசையில்தான் அங்கே சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிப் பையன்கள் பெரிய சப்வூஃபராக (பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) பார்த்து வாங்குகிறார்கள். வயர் வாங்கும்போது மட்டும் கை சுருங்கிவிடுகிறது. நான் சொல்வேன், சப்வூஃபர் ஒரு படி சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, வயர் நல்லதாக இருக்கட்டும்.

முதலில் கணக்கு. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ‘2000 வாட்’டை மறந்துவிடுங்கள்; தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் அளவுதான் நிஜம். உதாரணத்துக்கு, 500 வாட் ஆர்எம்எஸ் தரும் கிளாஸ் டி ஆம்ப் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை ஆம்ப்ளிஃபையர்). திறன் 80 சதவீதம் என்று வைத்தால், பேட்டரியிலிருந்து 625 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்டில் அது சுமார் 45 ஆம்பியர். 4 கேஜ் (தடிமன் அளவு; எண் குறையக் குறைய வயர் தடிமனாகும்) முழுச் செம்பு வயரும் 60 ஆம்பியர் ஃபியூஸும் போதும். செம்பு பூசிய அலுமினிய வயர் என்றால் ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள்.

வேலை தொடங்குமுன் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள். பிளஸ்ஸிலிருந்து கிளம்பும் வயரில் 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் ஹோல்டர் வர வேண்டும். வயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் தீப்பிடிக்காமல் காப்பது அந்த ஃபியூஸ்தான். டிக்கியில் ஆம்ப் பக்கத்தில் வைத்தால் நடுவிலுள்ள வயருக்குப் பாதுகாப்பே இல்லை. தகட்டுத் துளைக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். ஃபியூஸைக் கடைசியில் மாட்டலாம்.

கார் செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டுச் சிக்னலைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளை, பவர் வயர் போகாத பக்கமாக இழுங்கள். ஒட்டிப் போனால் எஞ்சின் வேகத்துக்கேற்ப ‘ஙொய்ங்’ சத்தம் வரலாம். ஆம்பை ஆன் செய்யும் நீல ரிமோட் வயர் எந்தப் பக்கம் போனாலும் சரி.

இனி எர்த், அதாவது ஆம்பின் மைனஸ் வயர். பாதிப் பிரச்சினை இங்கேதான். பவர் வயரின் அதே தடிமனில், அரை மீட்டருக்கு மேல் போகாமல், பாடித் தகட்டில் பிடியுங்கள். பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளபளவென்று தெரிய வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடாதீர்கள். போல்ட்டை இறுக்கியபின் மேலே கிரீஸ் தடவுங்கள். ப்ளஃப், உம்ஷ்லாங்கா பக்கம் கடலோரத்தில் வண்டி நிறுத்துபவர்கள் இதை விட்டால் உப்புக்காற்று சீக்கிரமே துரு ஏற்றிவிடும்.

அப்புறம் ஓம், அதாவது சப்வூஃபரின் மின்தடை. இரண்டு 4 ஓம் காயில் உள்ள சப்வூஃபரில் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் 2 ஓம். ஒன்றின் மைனஸை மற்றதன் பிளஸ்ஸோடு சேர்த்தால் 8 ஓம். ஆம்ப் தாங்கும் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போகவே கூடாது.

கெய்ன் என்பது வால்யூம் திருகி அல்ல; செட்டின் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகி. சப்வூஃபர் வயரைக் கழற்றிவிட்டு, லோ பாஸை (தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸில் வைத்து, பேஸ் பூஸ்ட்டை அணையுங்கள். செட்டின் வால்யூமை முக்கால்வாசி வைத்து 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் போடுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் 31 வோல்ட் வரும்வரை கெய்னை மெல்லத் திருகுங்கள். நம் உதாரண ஆம்பின் 500 வாட்டை, 2 ஓம் இணைப்பு என்று வைத்து, 2 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 31.6 வரும்; அதுதான் அந்த 31.

ஒரு மணி நேரம் பாட்டு ஓடியபின் ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால், முதலில் உள்ளே ஸ்க்ரூ இறுகியிருக்கிறதா என்று பாருங்கள்.