ஐநேச்சுரலிஸ்டில் க்யூரேட்டர் நீதிபதி இல்லை: புதிதாகச் சேர்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செடி, பூச்சி, பறவை என்று பார்த்ததைப் படத்தோடு பதிந்து, மற்றவர்களோடு சேர்ந்து பெயர் கண்டுபிடிக்கும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) தளத்தில் கணக்குத் தொடங்கியதும் நம்மில் பலர் முதலில் தேடுவது, இங்கே பெரிய ஆள் யார் என்பதைத்தான். ஒருவர் க்யூரேட்டர் என்று தெரிந்தால் போதும், போட்டோவைப் போட்டு அவரை டேக் செய்து "சார், இதைக் கொஞ்சம் உறுதி பண்ணிக் கொடுங்க" என்று கேட்டுவிடுவோம். நானும் கேட்டிருக்கிறேன். அவர் சொல்லும் பெயருக்கும் நேற்றுச் சேர்ந்த கல்லூரி மாணவி சொல்லும் பெயருக்கும் அங்கே ஒரே எடைதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. க்யூரேட்டரின் வேலையே வேறு: அறிவியல் பெயர்கள் மாறும்போது பட்டியலைச் சரிசெய்வது, ஃப்ளாக் செய்யப்பட்டவற்றை (பிரச்சினை என்று யாராவது குறித்தவற்றை) பார்ப்பது, வசவோ விளம்பரமோ வந்தால் மறைப்பது. ஆகவே பெயர் தப்பாக இருக்கிறது என்பதற்காக ஃப்ளாக் போடாதீர்கள். சரியான பெயரை நீங்களே பதிந்து, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள், அது போதும்.

இதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு, மற்றவர் சொன்ன பெயரை ஒப்புக்கொள்ளும் 'அக்ரீ' பட்டனை லைக் மாதிரி அமுக்குவது. என் கதையையே சொல்கிறேன். வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சி, பின்னிறக்கையில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் புள்ளிகளும். வெறுமனே 'வண்ணத்துப்பூச்சி' என்று பதிந்தேன். ஒருவர் வந்து காமன் ரோஸ் என்றார், நன்றி சொல்கிற மாதிரி நானும் அக்ரீ அடித்தேன். தேதி, இடம், படம் எல்லாம் இருந்ததால் அந்த இரண்டு ஓட்டிலேயே பதிவு 'ரிசர்ச் கிரேடு' (ஆய்வுக்கு உகந்த தரம்) ஆகிவிட்டது. உண்மையில் பார்த்துச் சொன்னவர் ஒரே ஒருவர், நான் தலையாட்டியதோடு சரி. உரிமம் அனுமதித்தால் இப்படிப்பட்ட பதிவு ஜி.பி.ஐ.எஃப். என்ற உலகளாவிய தரவுத்தளத்துக்கும் போகும், அங்கிருந்து ஆய்வாளர்கள் எடுப்பார்கள்.

அப்புறம் ஒருவர் வந்து கேட்டார், "உடம்பு கறுப்பாக இருக்கிறதே, பார்த்தீர்களா?" காமன் ரோஸுக்கு உடம்பு சிவப்பு. என் செடிக்கு வந்தது காமன் மார்மன் பெண். காமன் ரோஸ் வண்ணத்துப்பூச்சி பறவைகளுக்கு ருசிக்காது என்பதால் அதன் வேஷத்தைப் போட்டுக்கொண்டு இது தப்பிக்கிறது. கறிவேப்பிலையைச் சுற்றிச்சுற்றி வந்ததே ஒரு துப்புதான், ரோஸ் முட்டை வைக்க ஆடுதீண்டாப்பாளை வகைச் செடிகளைத் தேடிப் போகும்.

இதில் கணக்கு ஒன்று இருக்கிறது. இனத்தின் பெயர் நிலைக்க மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஆதரவு வேண்டும். தப்பான பெயருக்கு 2 ஓட்டு இருந்தால் அதை மாற்றச் சரியான பெயருக்கு 5 பேர் வரவேண்டும், 4 பேர் வந்தாலும் சரியாக மூன்றில் இரண்டுதான், போதாது. நான் என் ஓட்டைத் திரும்பப் பெற்றதும் 3 பேர் போதும் என்றானது. வண்ணத்துப்பூச்சிக்காவது ஆள் கிடைக்கும், ஏதோ ஒரு சின்ன வண்டுக்கு 5 பேரை எங்கே போய்த் தேடுவது? நீங்களே பார்த்து அடையாளம் சொல்ல முடிந்தால் மட்டும் அக்ரீ அடியுங்கள், இல்லையென்றால் கருத்தில் ஒரு நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. வகுப்பு முழுவதையும் ஒரே நாளில் சேர்த்துவிட்டு ஆளுக்கு இருபது பதிவு என்று வீட்டுப்பாடம் கொடுத்தால், தொட்டிச் செம்பருத்தியும் வாட்ஸ்அப்பில் வந்த புலிப் படமும்தான் வந்து குவியும், பிள்ளைகள் ஒருவர் பதிவுக்கு ஒருவர் அக்ரீ அடித்துக்கொள்வதும் நடக்கும். வளர்த்த செடி என்றால் 'வளர்ப்பு' என்று குறிக்கச் சொல்லுங்கள், மற்றவர் எடுத்த படத்தைப் போடவே கூடாது. முதலில் நீங்கள் ஒரு மாதம் பதிந்து பாருங்கள்.

கடைசியாக, ப்ராஜெக்ட் (ஓர் இடத்தையோ தலைப்பையோ சார்ந்த பதிவுகளை ஒன்றாகத் திரட்டும் பக்கம்) நடத்துபவர்கள். ப்ராஜெக்ட் தொடங்க க்யூரேட்டராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் சில ப்ராஜெக்ட்டுகளில் சேரும்போது, மறைக்கப்பட்ட இடத்தை நடத்துபவர் பார்க்கலாமா என்ற கேள்வி வரும், அதைப் படிக்காமல் 'சரி' கொடுத்துவிடாதீர்கள். அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களுக்குத் தளமே இடத்தை மங்கலாக்கி, 0.2 பாகை அகல நீளமுள்ள ஒரு கட்டத்துக்குள், அதாவது ஒரு பக்கம் சுமார் 22 கி.மீ. பரப்புக்குள், எங்கேயோ ஒரு புள்ளியாகத்தான் காட்டும். நட்சத்திர ஆமை கடத்தல்காரர்களுக்கு அதற்கு மேல் விவரம் கிடைக்கக் கூடாது. நாமோ குறிப்புப் பகுதியில் 'கோயில் குளத்துக்குப் பின்னால், புளியமரத்தடியில்' என்று எழுதிவைக்கிறோம். படத்தின் ஓரத்தில் ஊர்ப் பெயர்ப்பலகை தெரிந்தால் அதையும் வெட்டிவிட்டுப் போடுங்கள்.